ஒரு டாங்க் எண்ணெயில் ஆறு நாள்

என் வண்டி பழைய பிக்காப். எண்ணெய் நிறையக் குடிக்கும். டீசலைத்தான் நாங்கள் எண்ணெய் என்போம்.

நான் அதில் வாழை இலை ஏற்றுகிறேன். வீடு தீவில், கெலுகோரில், அடுக்குமாடியில். விடியும்போது கடல் பாலம் தாண்டி அக்கரைக்குப் போவேன். பைராம் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் அக்கா வாழை போட்டிருக்கிறார். அவரிடம் இலை எடுத்துக்கொண்டு மறுபடி பாலம் ஏறி ஜார்ஜ் டவுனுக்கு வருவேன். கடைத்தெருவைச் சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடைகளில் இறக்குவேன். மதியச் சோறு போடுவதற்கு முன்னால் இலை கடைக்குள் இருக்க வேண்டும். திங்கள் முதல் சனி வரை இதுதான் வேலை. ஞாயிறு வண்டி தூங்கும். நானும் தூங்குவேன்.

இந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. முன்பு நான் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவினேன். இலை கொண்டுவந்த லோரிக்காரர் ஒரு நாள் நின்றுவிட்டார். கடைக்காரர்கள் இலைக்கு அலைந்தார்கள். நான் கொண்டுவருகிறேன் என்றேன். சிரித்தார்கள். லைசன்ஸ் இருந்தது, வண்டி இல்லை. வண்டி பிறகு வந்தது. சிரிப்பு நின்றது.

டீசலுக்கு அரசாங்கம் கொடுத்த மானியத்தை எடுத்துவிட்டது. ஒரே ராத்திரியில் விலை ஏறியது. அந்த வாரம் என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"வித்துடு."

"எதை?"

"உன் வண்டியத்தான். பாலிக் புலாவ்ல நம்ம கூட்டாளி இருக்காருல்ல, டுரியான் தோட்டத்துக்கு வண்டி தேடுறாரு. உன்னோடத கேட்டாரு."

"நான் எதுல போவேன்?"

"என் பஸ்ஸுலயே வா. ஃபேக்டரியில பேக்கிங்குக்கு ஆள் எடுக்கறாங்க. சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். காலையில ஏறு, சாயங்காலம் எறங்கு. ஏர்கோன் வேற."

அவர் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர். வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்குவார்.

"உங்க பஸ்ஸுல உக்காந்து வரவா நான் லைசன்ஸ் எடுத்தேன்?"

"கோவப்படாதலா. உன் வண்டி இலைக்கு ஓடல, எண்ணெய்க் கடைக்கு ஓடுது."

அது உண்மை. டாங்க் நிறைய ஊற்றினால் வெள்ளிக்கிழமை காலை காலியாகும். வெள்ளிக்கிழமைதான் பெரிய லோடு. ஊரே சைவம் சாப்பிடும், இலை பறக்கும். அன்றைக்குப் பார்த்து எண்ணெய்க் கடையில் நிற்பேன்.

"ஒரு டாங்க் ஒரு வாரத்துக்கு வரணும்," என்றார். "திங்கள் காலையிலேர்ந்து சனிக்கிழமை வீடு வந்து சேர்ற வரைக்கும். வந்தா வெச்சுக்க. நான் வாய் தொறக்கல. வரலன்னா வித்துடணும்."

"எப்ப வரைக்கும்?"

"மாசக் கடைசி. அதுக்கு மேல சூப்பர்வைசர் எடத்தப் புடிச்சு வெச்சிருக்க மாட்டாங்க."

சரி என்றேன். அவர் தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான் பேச்சு.

அவர் கெட்டவர் இல்லை. என் பணத்துக்கு ஆசைப்பட்டவரும் இல்லை. நான் அலைவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. அதிலிருந்து என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரிப் பார்க்கிறார். எனக்கு அது ஒத்துவராது.

மறுநாள் தோட்டத்தில் கயிறு கட்டக் குனிந்தேன். இடது பக்கப் பின் சக்கரத்தில் கை பட்டது. சுட்டது. வலது பக்கம் போய்த் தொட்டேன். சும்மா வெதுவெதுப்பு. சாயங்காலம் ஃபோர்மேனிடம் போனேன். மெக்கானிக்கை நாங்கள் ஃபோர்மேன் என்போம். கெலுகோரில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் கடை வைத்திருக்கிற சீனர். என்னிடம் மலாயில்தான் பேசுவார். அவர் என்னை ஆன்ட்டி என்பார், நான் அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்பேன். இரண்டு பேருக்கும் ஒரே வயதுதான்.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்.

"பிரேக் புடிச்சிக்கிட்டே இருக்கு, ஆன்ட்டி. நீ ஓடப் பாக்குற, அவன் விடாம இழுக்குறான். கல்யாணம் ஆன மாதிரி."

"உங்களுக்கும் அப்படித்தானா, தவுக்கே?"

"எனக்கு நாலு சக்கரத்துலயும் புடிச்சிருக்கு."

பிரேக்கைச் சரிசெய்தார். காற்று போகும் ஃபில்டரைத் தட்டினார். மாவு சலிக்கிற மாதிரி மண் கொட்டியது. பிறகு டயரைக் காலால் உதைத்தார். இந்த வண்டியை முன்பு வைத்திருந்தவன் அதற்குக் காட்டுக்குப் போகிற பெரிய டயர் மாட்டியிருந்தான். நான் காட்டுக்குப் போனதில்லை. இலை எடுக்கிற தோட்டத்துக்கும் தார்ரோடு இருக்கிறது. அந்த டயருக்கு ஆசைப்பட்ட ஆள் ஃபோர்மேனிடம் ஏற்கெனவே இருந்தான். மாற்றிக்கொண்டோம். எனக்குச் சாதாரண அளவு, பழசுதான், ஆனால் டயரின் பூ தேயாமல் இருந்தது. வண்டி நாலு விரல் இறங்கியது. ஏறும்போது தொடையைப் பிடித்துத் தூக்க வேண்டிய வேலை நின்றது.

"எண்ணெய் எங்க போகுதுன்னு பாத்தா எல்லா எடத்துலயும்தான் போகும்," என்றார் ஃபோர்மேன். "எஞ்சின எப்ப நிறுத்துவ?"

"வீட்டுக்கு வந்து."

"கடையில?"

"கடையில நிறுத்த மாட்டேன்."

கடைத்தெருவில் எவரும் நிறுத்த மாட்டார்கள். நிறுத்த இடம் கிடையாது. மஞ்சள் கோட்டில்தான் இறக்குவோம். எஞ்சின் ஓடினால், நாலு விளக்கும் மினுக்கினால், ஆள் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அபராதச் சம்மன் எழுதுகிறவர் ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார். எஞ்சின் நின்றால் எழுதிவிடுவார். இது எங்களுக்குள் இருக்கிற நம்பிக்கை. லோரிக்காரன், ஐஸ்காரன், கேஸ்காரன் எல்லாரும் அப்படித்தான். வண்டியை உறுமவிட்டுவிட்டு ஒவ்வொரு கடையாக இறக்குவேன். வழியில் டீ குடிப்பேன். அவ்வளவு நேரமும் வண்டி நின்ற இடத்திலேயே குடித்துக்கொண்டிருக்கும்.

நிறுத்தினேன். முதல் நாளே சம்மன் விழுந்தது.

மறுநாள், முதலில் இறக்குகிற கடையின் முதலாளியைக் கூப்பிட்டேன். பெரிய தொந்தி, நெற்றி நிறைய விபூதி, நல்ல மனுஷர்.

"அண்ணே, நான் எறக்குற வரைக்கும் வண்டிகிட்ட நில்லுங்க."

"நான் மொதலாளிலா!"

"மொதலாளின்னா நிக்கத் தெரியாதா?"

"கல்லாவுல யாரு உக்காருவா?"

"இலை இல்லாமப் போனா கல்லாவுல உக்காந்து என்ன பண்ணுவீங்க?"

முணுமுணுத்துக்கொண்டே வந்து நின்றார். அன்றிலிருந்து அவர் நிற்பார். சம்மன் எழுதுகிறவரோடு கூட்டாளியாகிவிட்டார். இரண்டு பேரும் பந்து விளையாட்டைப் பற்றிப் பேசுவார்கள். நான் இறக்கிவிட்டு வந்து, "போலாமா?" என்று கேட்க வேண்டியிருக்கும்.

அடுத்தது பாரம். அக்காவின் தோட்டத்தில் இலையை அடிக்காம்போடு அறுத்து அப்படியே ஏற்றுவோம். காம்பு கை மொத்தம் இருக்கும், தண்ணீர் கோத்திருக்கும். கடையில் போய் அதை வெட்டிக் குப்பையில் போடுவார்கள். அதற்கு மேலே இலை வாடாமல் இருக்க நனைத்த கோணி. ஊறிய கோணியை ஓர் ஆளால் தூக்க முடியாது. குப்பையையும் தண்ணீரையும் தினமும் பாலத்தின் மேல் ஏற்றிக்கொண்டு போனேன். யாரும் அப்படிச் செய் என்று சொல்லவில்லை. எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

"காம்ப இங்கயே வெட்டிடுங்கக்கா," என்றேன்.

"வெட்டுன எடத்துல கறுத்துப் போகும் தங்கச்சி. கடக்காரன் என்னத்தான் ஏசுவான்."

"ஒரு விரல் விட்டு வெட்டுங்க. கறுக்கறது அந்த விரல்ல கறுக்கட்டும்."

"புதுசு புதுசா கண்டுபுடிக்காத. எனக்கு ரெட்ட வேலை."

"காம்பு உங்க ஆட்டுக்கு ஆகும்."

அதைக் கேட்டதும் கத்தியை எடுத்தார். கோணிக்குப் பதிலாக என்னுடைய பழைய பருத்திச் சேலைகளைக் கொண்டுபோனேன். நனைத்துப் பிழிந்து போர்த்தினால் போதும். கல்யாணத்துக்குக் கட்டிய சேலைகள் இல்லை. வீட்டில் கட்டிக் கிழிந்தவை.

ஓட்டுவதையும் மாற்றினேன். முன்பு நெடுஞ்சாலையில் நூற்றுப்பத்தில் போவேன். இப்போது எண்பது. பாலத்தில் அதற்கும் கீழே. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். ஒருவன் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி, கையை ஆட்டி என்னவோ சொன்னான். பொம்பளை ஓட்டுகிறாள் என்று சொல்லியிருப்பான். நான் முன்னால் பார்த்து ஓட்டினேன். பத்து நிமிஷம் முன்னதாக எழுந்தேன். இலை நேரத்துக்குப் போனது.

அந்த வாரம் டாங்க் வெள்ளியைத் தாண்டியது. சனிக்கிழமை காலையில் போகிற வழியிலேயே எண்ணெய் குறைந்த விளக்கு எரிந்தது. அக்கரையில் எண்ணெய் ஊற்றித்தான் திரும்பினேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஒரு நாள் குறைந்தது. அந்த ஒரு நாள் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

கணவர் மீட்டரைப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் போய்விடுவார். அவர் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

பிறகு ஒரு காலையில் பாலத்தில் ஒரு பெரிய எக்ஸ்பிரஸ் பஸ்ஸின் பின்னால் மாட்டிக்கொண்டேன். காற்று பலமாக அடித்த நாள். பஸ்ஸின் பின்னால் போன வரையில் கால் லேசாக இருந்தது. மிதிக்கவே வேண்டாம் போல வண்டி போனது. பஸ் இடது பக்கம் ஒதுங்கியது. உடனே யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளிய மாதிரி வண்டி தயங்கியது. ஸ்டேரிங் ஆடியது. மேலே படபடவென்று சத்தம்.

மேலே இருந்தது மயில்.

அதைச் சொல்ல வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கணவர் முருகனுக்கு வேண்டிக்கொண்டார். நான் எழுந்து நடந்தால் தைப்பூசத்துக்கு வண்டியில் வேல் வைத்துத் தண்ணீர்ப் பந்தலுக்குச் சாமான் ஏற்றுவதாக. நான் எழுந்து நடந்தேன். அவர் தன் கையாலேயே வண்டித் தலைக்கு மேல் இரும்பு வளைவு வெல்டிங் பண்ணினார். நடுவில் வேல். அதன் பின்னால் பலகையில் மயில். தோகை விரித்த மயில், கதவு அகலம். நீலம், பச்சை, தங்கக்கலர். வருஷா வருஷம் பெயின்ட் அடிப்பார். தைப்பூசத்துக்குப் பிறகு கழற்றிவிடலாம் என்றுதான் வைத்தது. சாமி சாமானை யார் கழற்றுவது? அப்படியே நின்றுவிட்டது. கடைத்தெருவில் எனக்கு மயிலக்கா என்று பேர். தூரத்திலேயே தெரியும். இலை வந்துவிட்டது என்று அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

பாய்மரத்தைத் தூக்கிக்கொண்டு காற்றுக்கு எதிரே போகிற படகு மாதிரி, ஐந்து வருஷம் அதைச் சுமந்து பாலத்தில் ஓட்டியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் சொன்னேன்.

"மயிலக் கழட்டப் போறேன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அது உனக்காக வேண்டிக்கிட்டு வெச்சது."

"தெரியும்."

"நான் வெச்சது."

"தெரியும். அதான் கேட்டுட்டுக் கழட்டறேன்."

"கேக்கல நீ. சொல்ற."

"ஆமா, சொல்றேன். வேல் வீட்டுக்கு வரட்டும். சாமி மேடையில நிக்கட்டும். பலகையும் கம்பியும் எனக்கு வேணாம். காத்த இழுக்குது."

"எண்ணெய மிச்சம் புடிக்க முருகனைக் கழட்டுறியா?"

"முருகன் எம்மேல கோவப்பட்டா நான் பாத்துக்கறேன். அவருக்கும் எனக்கும் நடுவுல நீங்க வர வேணாம்."

அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். எங்கே கிளம்பினார் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது.

ஃபோர்மேனிடம் போனேன். வளைவைக் காட்டினேன். வெட்டும் மெஷினைக் கீழே வைத்துவிட்டார்.

"சாமி சாமான். நான் வெட்ட மாட்டேன், ஆன்ட்டி."

"உங்க சாமி இல்லையே, தவுக்கே."

"அப்படிச் சொல்லாத. தைப்பூசத்துக்கு என் பொண்டாட்டி மூட்ட மூட்டயா தேங்கா உடைக்கிறா. தெரிஞ்சா என் தலையை உடைப்பா."

"வேல் எங்கிட்ட இருக்கட்டும். நீங்க வளைவோட கால மட்டும் வெட்டுங்க."

யோசித்தார். உள்ளே போனார். அவருடைய சாமிக்கு வைக்கிற ஊதுபத்தி மூன்று கொண்டுவந்து பற்றவைத்தார். வண்டிக்கு முன்னால் நின்று கும்பிட்டார். ஹோக்கியன் சீனத்தில் என்னவோ நீளமாகச் சொன்னார்.

"என்ன சொன்னீங்க?"

"ஆன்ட்டிதான் வெட்டச் சொன்னாங்கன்னு சொன்னேன்."

நல்ல மனுஷர். எல்லாப் பழியையும் என் பேரில் எழுதிவிட்டுத்தான் மெஷினை எடுத்தார். நெருப்புப் பொறி பறந்தது. வேல் என் இரண்டு கையிலும் இருந்தது. மயில் பலகை சாய்ந்து கயிற்றில் இறங்கியது. வண்டி மொட்டையாக நின்றது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மனசை என்னவோ செய்யும் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய் வேலைக் கழுவி, விபூதி பூசி, சாமி மேடையில் வைத்தேன். கணவர் பார்த்தார். மூன்றாம் நாள், "எலுமிச்சம்பழம் வெச்சியா?" என்று கேட்டார். வைத்திருந்தேன்.

கடைத்தெருவில் முதலாளி வாசலிலேயே நின்றார்.

"யாரோன்னு நெனச்சேன். மயில் எங்கக்கா?"

"பறந்துருச்சு."

"ஐயோ. இனிமே எப்படித் தெரியும் நீங்க வர்றது?"

"இலை வரும்லண்ணே. இலையப் பாருங்க."

மாசத்தின் கடைசி வாரம் வந்தது. இதற்கு மேல் தவணை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எண்ணெய்க் கடைக்கு என்னோடு கணவரும் வந்தார்.

"நானே ஊத்தறேன்," என்றார்.

வாய் வரை ஊற்றினார். டீசல் நுரைக்கும். நுரை அடங்கும்வரை காத்திருந்து மறுபடி ஊற்றினார். வண்டியைப் பிடித்து ஆட்டினார். மறுபடி ஊற்றினார்.

"எனக்குச் சாதகமாத்தான் ஊத்தறீங்க."

"அப்புறம் பேச்சு வரக் கூடாதுல்ல. கொறச்சு ஊத்துனேன்னு சொல்லக் கூடாது."

திங்கள் முதல் புதன் வரை ஒன்றும் நடக்கவில்லை. அப்படித்தான் நடக்க வேண்டும். வியாழக்கிழமை முதலாளி இன்னொரு வேலை கொண்டுவந்தார். அக்கரையில் பட்டர்வொர்த்தில் அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். வெள்ளிக்கிழமை இலை இறக்க வேண்டும். வழியைவிட்டு உள்ளே போய்த் திரும்ப வேண்டிய இடம். நான் சரி என்றேன்.

கணவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் பக்கம் ஜெயிக்கிறது என்றாலும் பிடிக்கவில்லை.

"இந்த வாரத்துலயா புது ஆர்டர் எடுப்ப? முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல."

"வேலை செய்யத்தானே வண்டி. சும்மா நிறுத்தி வெச்சு ஜெயிக்கறதுக்கு நான் எதுக்கு?"

வெள்ளி பெரிய லோடு. கல்யாண இலையும் சேர்ந்தது. இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது எண்ணெய் முள் கீழே கிடந்தது. ஆனால் விளக்கு எரியவில்லை.

சனிக்கிழமை காலை பாலத்திலிருந்து இறங்கியதும் விளக்கு எரிந்தது. எரிந்த பிறகு எவ்வளவு தூரம் போகும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஃபோர்மேன் ஒன்று சொல்வார், கணவர் ஒன்று சொல்வார். நான் தோட்டத்துக்குப் போனேன். எண்ணெய்க் கடையைத் தாண்டித்தான் போனேன். உள்ளே திரும்பவில்லை. அக்கா எட்டிப் பார்த்து, "செவப்பா எரியுதே தங்கச்சி," என்றார். "எரியட்டும்," என்றேன். கொஞ்சம் அதிகமாகவே காம்பை ஒட்ட வெட்டிக்கொடுத்தார்.

திரும்பும்போது பாலத்தில் ஜேம். முன்னால் எங்கேயோ இரண்டு கார் மோதிக்கொண்டன. நடுப் பாலத்தில் நின்றுவிட்டோம். இரண்டு பக்கமும் கடல். நான் எஞ்சினை நிறுத்தினேன். ஜன்னலை இறக்கினேன். வெயில் தலையில் இறங்கியது. வரிசை இரண்டு வண்டி தூரம் நகர்ந்தது. நான் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் நகரட்டும், சேர்த்துப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஹாரன். பக்கத்து வேனிலிருந்து ஒரு மலாய்த் தம்பி தலையை நீட்டினான்.

"ரோசாக் கா, காக்?" பழுதா அக்கா என்று கேட்டான்.

"இல்ல. ரெஸ்ட்."

அவன் சிரித்தான். பின்னால் இருந்தவன் சிரிக்கவில்லை. ஹாரனிலேயே கை வைத்திருந்தான். இறங்கிப் போய் இலையின் மேல் இருந்த சேலைக்குப் போத்தலில் இருந்த குடிதண்ணீரைத் தெளித்தேன். அவன் பார்க்கட்டும் என்றே மெதுவாகத் தெளித்தேன். அப்புறம் ஏறி, எஞ்சினை எழுப்பி, இடைவெளி முழுவதையும் ஒரே ஓட்டமாகக் கடந்து மறுபடி நிறுத்தினேன். பாலம் முடியும்வரை இப்படியே. உள்ளுக்குள் பயம் இருந்தது. பாலத்தில் எண்ணெய் இல்லாமல் நின்றால் இழுத்துப் போவார்கள், பேப்பரில் வராவிட்டாலும் கடைத்தெரு முழுக்க வந்துவிடும். பயத்தை வண்டிக்குக் காட்டவில்லை.

கடைத்தெருவுக்கு இலை தாமதமாகத்தான் போனது. முதலாளி கத்தினார். கத்திக்கொண்டே வண்டியிடம் வந்து நின்றார். ஒவ்வொரு கடையாக இறக்கினேன். ஒவ்வொரு முறையும் இறக்கி முடித்துச் சாவியைத் திருப்பும்போது எழும்புமா என்று காது கொடுத்தேன். எழுந்தது.

கெலுகோருக்கு வந்து அடுக்குமாடிக்குக் கீழே நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் நிறுத்தினேன். அது தானாக நிற்கவில்லை.

கீழே கணவர் நின்றார். பக்கத்தில் பாலிக் புலாவ் கூட்டாளி. வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பணம் எடுத்து வந்திருக்கிறார் என்று சட்டைப்பையைப் பார்த்தாலே தெரிந்தது.

"வந்துட்டா," என்றார் கணவர். மீட்டரைக் குனிந்து பார்த்தார். "ஞாயித்துக்கிழம நானே ஊத்துனது. வந்துட்டா."

கூட்டாளி வண்டியைச் சுற்றி வந்தார். டயரைப் பார்த்தார். கதவைத் தட்டினார்.

"மச்சான், போன வாட்டி வேற மாதிரி சொன்னீங்க. எண்ணெய் குடிச்சே கொல்லும்னு சொன்னீங்க. இப்ப இவ்ளோ கொஞ்சமா குடிக்குதா?"

"ஆமா, கொறச்சுட்டா."

"அப்ப நான் சொன்னதுக்கு மேலயே தர்றேன். ரொக்கமா. இன்னிக்கே எடுத்துக்கறேன்."

கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. வாயைத் திறக்கமாட்டேன் என்று சொன்ன மனுஷர்.

"யோசிக்கலாம்லா," என்றார் மெதுவாக. "இவ்ளோ பழைய வண்டிக்கு இந்த வெல யாரும் தரமாட்டாங்க."

ஒரு மாசம் நான் பாடுபட்டது வண்டியை வைத்துக்கொள்ள. அந்தப் பாடே அதை விற்கத் தோதான சாமானாக ஆக்கிவிட்டது. பழையபடி குடித்துக்கொண்டிருந்தால் கூட்டாளிக்கு இவ்வளவு ஆசை வந்திருக்காது.

சாவி வண்டியிலேயே இருந்தது. எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"நாம பேசினது எண்ணெய்க்கு," என்றேன். "வெலைக்கு இல்ல. எண்ணெய் வந்துருச்சு. பேச்சு முடிஞ்சுது."

"கோவப்படாதீங்க தங்கச்சி," என்றார் கூட்டாளி. "நாளைக்குக் காலையில எழுந்து நிதானமா யோசிச்சுட்டு சொல்லுங்க."

"யோசிச்சுட்டுத்தான் ஒரு மாசமா ஓட்டுனேன். நீங்க வேற வண்டி பாருங்கண்ணே. இது முன்ன குடிச்ச மாதிரி குடிக்கிறதா ஒண்ணு பாத்து வாங்குங்க. கொறைக்கறது எப்படின்னு நான் சொல்றேன்."

அவர் சிரித்துவிட்டார். கணவர் சிரிக்கவில்லை. கூட்டாளி டீகூடக் குடிக்காமல் போனார். மாடிப்படி ஏறும்போது கணவர் பின்னாலேயே வந்தார்.

"மூஞ்சியில அடிச்ச மாதிரிப் பேசிட்ட."

"வாய் தொறக்க மாட்டேன்னு சொன்னது யாரு?"

அவர் வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன். பாதி சாப்பிட்டுவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"சூப்பர்வைசருக்கு என்ன சொல்றது? திங்கக்கிழம வருவேன்னு பேர் போட்டு வெச்சிருக்காங்க."

"போன் பண்ணுங்க."

"சாப்பிட்டுட்டு."

"இப்பவே பண்ணுங்க. நான் பேசறேன்."

இடது கையால் நம்பரைத் தட்டி என்னிடம் நீட்டினார். ஒரு பெண் குரல், நம்ம தமிழ் ஆள்தான், மரியாதையாகப் பேசியது.

"அக்கா, திங்கக்கிழம பஸ்ஸுல வந்துடுவீங்கதானே? யூனிஃபார்ம் அளவு சொல்றீங்களா?"

"அளவு வேணாம்மா," என்றேன். "நான் வரல. எனக்கு வேலை இருக்கு."